பெட்ரோல் முள்ளு

அந்த வண்டி விக்கிறதுக்கு இல்ல நைனா. போன வாரம் ஒருத்தன் வந்து கேட்டான், அதுக்கு மின்னாடி மூலக்கொத்தளத்துலேர்ந்து ஒருத்தன். மாடிப்படிக்கு கீழ தூசி புடிச்சி நிக்குது, டயருல காத்து இல்ல, அத்தப் பாத்துட்டு அல்லாரும் என் ஆப்பக் கடையாண்ட வந்து குந்திகினு, "அக்கா, குடுப்பியா, டாங்கி சோக்கா கீதே"ன்றாங்கோ. சோக்காதான் கீது. ஒல்லிக்குச்சி வண்டிக்கு மேல மாசமா கீறவ வயிறு கணக்கா ஒரு நீலக் கலரு டாங்கி. நீ ரெண்டு ஆப்பம் துன்னு, தேங்காப்பால் ஊத்தறேன், கதைய வேணா கேட்டுகினு போ. வண்டிய மட்டும் கேக்காத.

என் வூட்டுக்காரரு பேரு பீம்ராவ். என் மாமனாரு ஆர்பர்ல மூட்டை தூக்கினவரு, கைநாட்டு. ஆனா புள்ளைக்கி அம்பேத்கரு பேர்தான் வெக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னு வெச்சாரு. எங்க வூட்ல புத்தர் படமும் அம்பேத்கர் படமும்தான், வேற சாமி கெடையாது. நான் கட்டிகினு வந்தப்ப எங்கம்மா குட்த மாரியாத்தா படத்த பயந்துகினு டிரங்குப் பொட்டியிலயே வெச்சிருந்தேன். ஒரு நா பாத்துட்டாரு. "இன்னாமே பச்சையம்மா, உள்ள கீறவங்களுக்கு மூச்சு முட்டாதா? எட்த்து மாட்டு"ன்னாரு. அவ்ளோதான். அந்த மாதிரி மனுசன். இல்லன்னா இத்தினி வருசம் இவராண்ட நான் குப்ப கொட்டுவேனா?

படிப்பு எட்டாவது. லாரில கிளீனரா ஏறினவரு, டிரைவராயி, மணலி பெட்ரோல் கம்பெனில டேங்கர் லாரி ஓட்டினாரு. பெட்ரோல ரொப்பிகினு ஊரு ஊரா கீற பங்குக்கு எறக்கிட்டு வரணும். ஊருக்கே பெட்ரோலு சொமக்கறவரு, சொந்த வண்டிக்கு ஒரு நாளும் டாங்கி ரொப்பினதில்ல, கேட்டுக்கோ. நம்ம ஏரியாவுல யாரு லிட்டர் கணக்கா போடறா? "நூறு ரூவாக்கு போடுபா", முட்ஞ்சிது. கைல இன்னா கீதோ அதுக்குத்தான் பெட்ரோலு. அதனால டாங்கி குழாயி எப்பவும் ரிசர்வ்ல, மீட்டர்ல பெட்ரோல் முள்ளு எப்பவும் செவப்புக் கோட்டாண்ட. ஆனா ஒரு நாளும் நடு ரோட்ல நின்னதில்ல. அந்த முள்ள ஒரு பார்வ பாப்பாரு, "பேசின் பிரிட்ஜ் ஏறி எறங்கிடும்"பாரு. கரீக்டா எறங்கிடும். அதுல ஐயாவுக்கு ஒரு உதாரு.

அப்பறம் அந்த வாட. சட்ட, தலமுடி, தலையணை, எல்லாத்துலயும் பெட்ரோல் வாட. கண்ணாலமான புதுசுல எனுக்கு தலைவலி மண்டைய பொளக்கும். அப்பால பழகிப் பூட்ச்சி. அவருக்கு மூக்கே செத்துப் பூட்ச்சி. நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு கொதிச்சிகினு இருக்கும், தெருவே வந்து எட்டிப் பாக்கும், இவரு குந்திகினு "இன்னாமே கொழம்பு?"ன்னு கேப்பாரு. மணலில கீறவங்களாண்ட போய் கேஸ் நாத்தம் அடிக்குதுன்னு சொல்லு, உன்னதான் ஒரு மாதிரி பாப்பாங்கோ.

அவருக்கு ஒரே ஒரு ஆச. நாக்பூரு போவணும். அங்கதான் ஒரு விஜயதசமி அன்னிக்கி அம்பேத்கரு பௌத்தம் ஏத்துகினாரு. தீட்சை பூமின்னு பேரு. பெருசா வெள்ளையா குண்டான கவுத்து வெச்ச மாதிரி ஒரு ஸ்தூபி கீதாம், விஜயதசமிக்கு லச்சம் லச்சமா சனம் கூடுமாம். எங்க வியாசர்பாடி ஹவுசிங் போர்டு பிளாக்குல மேல் மாடில பாரின்னு ஒரு பையன், கரண்டு ஆபீஸ்ல வேல செய்யறான். வருசா வருசம் ஏழெட்டு வண்டி சேத்துகினு, நீலக்கொடி கட்டிகினு கெளம்புவான். இவரு கீழ நின்னு கைய ஆட்டிகினு "ஜெய்பீம்"னு அனுப்பி வெப்பாரு. தசரா வந்தா இவருக்கு எப்பவும் ஒரு லோடு இருக்கும். "லோடு எங்க போவுதோ அங்க போனேன்மே. வண்டி ஓட்டியே காலம் பூட்ச்சி, எனுக்குப் புட்ச்ச எடத்துக்கு ஒரு தபா ஓட்டிகினு போனதில்ல. ஒரு தபா கண்ணால பாத்துட்டா போதும்"பாரு.

போன வருசம் திடீர்னு டேங்கர் வேலைய வுட்டுட்டாரு. இடுப்பு வலின்னாரு. ஷெட்டுலயே வாட்ச்மேனா குந்திகினாரு. சரி, வயசாவுது, சக்கர வேற கீது, போவட்டும்னு வுட்டேன். அதே சமயத்துலதான் வண்டிய தள்ளிகினு வர ஆரம்பிச்சாரு. ஒரு நாளும் நிக்காத வண்டி, வாரத்துக்கு ஒரு தபா பெட்ரோல் தீந்து நடு ரோட்ல நிக்குது. வேர்த்து ஊத்திகினு எருக்கஞ்சேரிலேர்ந்து தள்ளிகினு வருவாரு. நான் வுடுவேனா? "இன்னாபா, பேசின் பிரிட்ஜ் ஏறி எறங்கலியா? பிசினாறி, இன்னும் அம்பது ரூவாக்கு போட்டா கொறஞ்சா பூடுவ?"ன்னு கலாய்ப்பேன். சட்டய கழட்டிகினு குந்துவாரு. ஒரு நா தனியா கண்ணாஸ்பத்திரிக்கி போய்ட்டு வந்தாரு. இன்னா சொன்னாங்கன்னு கேட்டேன். "கண்ணாடி மாத்தணுமாம்"ன்னாரு. மாத்தவும் இல்ல. நானும் ஆப்பச்சட்டியாண்ட நிக்கவே நேரம் பத்தல, அத்தோட மறந்துட்டேன்.

அப்பாலதான் ஒரு நாளு சோறு துன்னுகினே சொன்னாரு: "இந்த தசராவுக்கு நாக்பூரு. நம்ம வண்டில. நீயும் வர."

"யோவ், உனுக்கு இன்னா மண்ட கிண்ட காய்ஞ்சி பூட்ச்சா?"ன்னேன். எங்க பொண்ணு மகிழினி அம்பத்தூர்ல வாக்கப்பட்டு கீறா, அவ போன்ல கத்தறா, "நைனா, ரயில்ல போ நைனா, நான் டிக்கெட்டு போட்டுத் தரேன்"னு. ஊஹூம். இந்த வருசம், வண்டிலதான். இந்த வருசம் இல்லன்னா எப்பவும் இல்லன்னுட்டாரு. பொண்டாட்டிய பின்னால வெச்சிகினு ஒரு ஊருக்கு வண்டில போவணும்னு கேக்கறாரு, இத்தினி வருசத்துல வாயத் தொறந்து கேட்டது அது ஒண்ணுதான். எனுக்கும் ஆசயா இல்லாமலா இருக்கும்? சரின்னுட்டேன்.

அப்ப ஆரம்பிச்சிதுபா டாங்கி பேஜாரு.

பாரியாண்ட போய், "என் டாங்கி ஒம்போது லிட்டருதான், பத்தாது, பெருசா ஒண்ணு போடணும்"ன்னாரு. பாரி சிரிச்சிட்டான். "அண்ணா, உன் வண்டி நூறு சிசி. ரெண்டு பேரு குந்தினாலும் ஒரு தபா ரொப்பினா முந்நூத்தம்பது, நானூறு கிலோமீட்டரு போவும். என் வண்டிக்கு டாங்கி பெருசு, ஆனா அது குடிக்கிற குடிக்கு அவ்ளோ தூரம்தான் வரும். நாங்க எங்க ரொப்புறமோ அங்க நீயும் ரொப்பிக்கோ. நடுவுல முள்ளு எறங்கிச்சின்னா ஆரன் அடி, நிக்கறோம்."

"பத்தாது பாரி."

"இன்னாண்ணா பத்தாது? கணக்கு சொல்றேனே."

"பத்தாதுன்றேன்ல."

பாரி என்னப் பாக்கறான். நான் வானத்தப் பாக்கறேன். பூஜ லீவுலதான் அவுங்க அல்லாரும் கெளம்ப முடியும். ஆயுத பூஜ அன்னிக்கி விடியறச்ச கெளம்பி, மறு நா விஜயதசமி பொழுது சாயறதுக்குள்ள போய்ச் சேரணும். சும்மா சும்மா நின்னா ஆவாது, அது நெசந்தான். ஆனா அதுக்கும் ஒம்போது லிட்டரே தாராளம்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். பக்கத்துல கேன் கட்டிகினு போலாமேன்னு ஒருத்தன் சொன்னான். அதுக்கு இவருக்கு வந்துச்சே கோவம்! "எம் பொண்டாட்டி காலாண்ட பெட்ரோல் கேன் கட்டுவேனா? பத்திகினா இன்னா ஆவும் தெரியுமாடா உனுக்கு? நான் பாத்து கீறேன்டா"ன்னு எகிறினாரு. அவரு கூட ஓட்டின ஒருத்தரு லாரியோட எரிஞ்சி போனது எனுக்கும் தெரியும். கேன் பேச்சு அதோட சரி.

கடைசில பாஸ்கராண்ட போனாரு. மணலில லாரி ஷெட்டுல வெல்டிங் வெக்கிறவரு, இவரு தோஸ்து. ஷெட்டுக்குப் பின்னால ஒரு செத்த வண்டி பல வருசமா கெடந்துச்சி, அதோட டாங்கி பதிமூணு லிட்டரு. அத்த விட பெருசு ஒண்ணு இருந்துச்சாம், வெச்சா ஹேண்டில் திரும்பலியாம். இல்லன்னா அத்தயும் வெச்சிருப்பாரு இந்த மனுசன்! பதிமூணு லிட்டரு டாங்கிக்கு அடில பட்டி வெச்சி வெல்டு அடிச்சி, நீலப் பெயிண்டு அடிச்சி மாட்டிகினு வந்தாங்க. பழய குழாயி செட்டாவலன்னு வேற குழாயி. அதுல ரிசர்வ் கெடையாது, தொறக்கறது, மூடறது, அவ்ளோதான். "முள்ளுக்கு ஒயரு குட்துட்டேன்"னு பாஸ்கரு சொன்னாரு. இவரு வண்டிய சுத்தி சுத்தி வராரு, டாங்கிய தடவறாரு. "ரெண்டே தபா ரொப்பினா நாக்பூருமே. ரெண்டே தபா"ன்றாரு. மகிழினி பொறந்தப்ப கூட அவரு மொகத்துல அப்பிடி ஒரு நிம்மதிய நான் பாக்கல.

கசியுதான்னு பாக்கணுமே, பாத்தாரு. எப்பிடிப் பாத்தாரு? நூறு ரூவாக்கு போட்டு ஓட்டிப் பாத்தாரு! நம்ம புத்தி எங்க போவும்? பாஸ்கரும் நூறு ரூவா ஆளு, நானும் நூறு ரூவா ஆளு, எங்க மூணு பேருல ஒருத்தருக்காவது ஒரு தபா வாய் வரைக்கும் ரொப்பிப் பாப்போம்னு தோணிச்சா? ஒரு மாசம் ஓட்டினாரு. ஒரு சொட்டு கசியல. "டாங்கி கில்லிமே"ன்னாரு.

பூஜ அன்னிக்கி காலைல ஏழெட்டு வண்டி, நீலக்கொடி, ஜெய்பீம், ஒரே அமர்க்களம். நான் வடகறியும் இட்லியும் கட்டிகினேன். கெளம்பறச்ச பாரியாண்ட இவரு தனியாப் போய், "நீ என் மின்னாடியே போ பாரி. நான் மெதுவாத்தான் வருவேன். பின்னால லைட்ட மட்டும் எரிய வுட்டுகினு போ"ன்னாரு. பகல்ல எதுக்குண்ணா லைட்டுன்னு அவன் கேட்டான். "வுடேன்டா"ன்னாரு. புள்ள மரியாதக்காரன், அப்பிடியே செஞ்சான்.

மாதவரம் தாண்டி பங்குல நின்னோம். இவரு வண்டிய தள்ளிகினு போய் நெஞ்ச நிமித்திகினு, "ஃபுல் பண்ணுபா"ன்னாரு. பொறந்ததுலேர்ந்து அந்த வார்த்த அவரு வாயில வந்ததில்ல. அந்தப் புள்ள ஊத்திகினே கீது, ஊத்திகினே கீது. இவரு காத வெச்சி கேட்டுகினு நிக்கறாரு. மேல கொஞ்சம் எடம் வுடச் சொன்னாரு, டேங்கர் ஆளாச்சே. ஏறிக் குந்தி, "புட்ச்சிக்கோ பச்சையம்மா"ன்னாரு. நான் இடுப்ப கட்டிப் புட்ச்சிகினேன். வெக்கமா இருந்துச்சி. நல்லாவும் இருந்துச்சி.

கும்மிடிப்பூண்டி தாண்டறச்ச பெட்ரோல் வாட அடிச்சிது. அடிச்சா இன்னா? முப்பது வருசமா அந்த முதுவுல அதானே அடிக்குது. நான் மொகத்த அதே முதுவுல சாச்சிகினு, புது சட்டைக்கும் ஏறிப் பூட்ச்சா இந்த வாடன்னு நெனச்சிகினு வந்தேன். அவரு எடது தொட அனலா எரியுதுன்னாரு. "எஞ்சின் சூடுதான்மே, பெரிய டாங்கி, காத்து வரல"ன்னு அவரே சொல்லிகினாரு. ரெண்டு பேரும் அப்பிடியே போய்கினே இருந்தோம்.

தடா தாண்டி சூளூர்பேட்டையாண்ட டீக்கு நிறுத்தினாங்க. கடக்காரம்மா ஒண்ணு, தெலுங்குக்காரி, அடுப்ப வுட்டுட்டு அலறிகினு ஓடியாருது. "பெட்ரோலு காருதோந்தி, ஒழுவுது! தள்ளுங்கோ, தள்ளுங்கோ!" பாத்தா, டாங்கி எடது பக்கம், மூடிக்கு கொஞ்சம் கீழ, மினுமினுன்னு வழியுது. அவரு பேண்டு இடுப்புலேர்ந்து முட்டி வரைக்கும் நனைஞ்சி கீது. கழட்டிப் பாத்தா தொட தோலு வெந்து செவந்து பூட்ச்சி. எல்லாருக்கும் அந்த வாட தெரியுது. எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியல. ஒரு பொறி போதும்பா. எம் மேல சீலையும் ஈரம்.

பாரி போனெட்த்து எவன் எவனுக்கோ அடிக்கறான். மத்த வண்டிங்க எல்லாம் நிக்குது. இவரு ஓரமா போய் நின்னுகினு, "நீங்க போங்கபா. நாளைக்கி சாயங்காலத்துக்குள்ள போவணும்ல. நான் சரி பண்ணிகினு பின்னால வரேன். போங்க"ன்னாரு. பாரி மாட்டேன்றான். இவரு கத்தறாரு: "போடான்றேன்! எனுக்கோசரம் ஏழெட்டு பேரு தசமிய வுடுவீங்களா?" அவன் மொகம் சுருங்கிப் பூட்ச்சி. போனான். அந்த செவப்பு லைட்டு போறத இவரு ரொம்ப நேரம் பாத்துகினு நின்னாரு. நான் அத்த அப்ப பெருசா எட்த்துக்கல.

அங்க ஒரு மெக்கானிக்கு கட இருந்துச்சி. கதவு பாதி மூடி, ஸ்பேனரு, சுத்தியலு எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சி, வாழயெலைல அடுக்கி, பூ போட்டு கீது. ஆயுத பூஜயாச்சே! எங்க வூட்ல இல்லாத பூஜ, எங்கள எங்க வந்து புட்ச்சிகினு நிக்குது பாரு. அந்தாளு நல்ல மனுசன், கைய கூப்புறாரு. "இன்னிக்கி ஸ்பேனரு தொட மாட்டேன் அம்மா, தப்பா நெனைக்காதீங்கோ. தொட்டாலும் பெட்ரோல் டாங்கிய உடனே வெல்டு வெக்க முடியாது, காய வெச்சி களுவணும். நாளன்னிக்கி வாங்கோ"ன்னு அரைத் தமிழ்ல சொல்றாரு. ஆனா கண்ணால பாத்துட்டு வெவரம் சொன்னாரு. டாங்கி சும்மா கெடந்தா பெட்ரோல் கீற கீழ் பாதி ஒண்ணும் ஆவாதாம். காத்து கீற மேல் பாதிதான் துருப்புடிச்சி ஊசி ஊசியா ஓட்டையாவுமாம். "பாதிக்கு மேல ஊத்தாதீங்கோ. பாதி வரைக்கும் ஒரு சொட்டு வராது"ன்னாரு.

எனுக்கு உசுரே திரும்பி வந்துச்சிபா. "அவ்ளோதானா? அட சோமாரி டாங்கி! யோவ், நம்ம என்னிக்கி பாதிக்கு மேல போட்டோம்? நூறு ரூவா, எரநூறு ரூவான்னு போட்டுகினே போலாம். முள்ள பாத்துக்கோ, எறங்கிச்சின்னா அடுத்த பங்குல போடு. ராத்திரி எங்கனா படுத்துட்டு விடியறச்ச கெளம்பினா கூட, தசமிக்கு மறு நா போய்டலாம். தசமி போனா இன்னா, ஸ்தூபி எங்கயும் ஓடிடாது. கெளம்பு."

மேல் பெட்ரோல எறக்கி அந்த மெக்கானிக்கு கேன்ல ஊத்திட்டாரு, டீக்கடையம்மா இவரு தொடைக்கி தேங்காயெண்ண குட்துச்சி, வேட்டி ஒண்ணு குட்துச்சி. இவரு வேட்டிய கட்டிகினு வண்டிய பாத்துகினே நிக்கறாரு.

"இன்னாய்யா?"

"முள்ளு தெரியலமே."

"இன்னா தெரியல?"

"முள்ளு. ஒரு வருசமா தெரியல. நேராப் பாத்தா நடுவுல ஒரே மசங்கல். ஓரத்துல தெரியுது, லாரி தெரியுது, ரோடு தெரியுது. நேரா கீறது தெரியல. போர்டு தெரியல. உன் மூஞ்சியே மேலாப்புல வெள்ளையாத்தான் கீது. கண்ணுக்குப் பின்னால ரத்தம் கசியுதாம். ஊசி போட்டா நிக்கலாம்னாங்க, போனது வராதுன்னுட்டாங்க. மிச்ச பார்வையும் போவறதுக்குள்ள ஸ்தூபிய பாத்துடலாம்னுதான்."

அப்பிடியே அந்தக் கட பெஞ்சில குந்திட்டேன். வண்டிய தள்ளிகினு வந்தது, டேங்கர வுட்டது, பத்தாது பத்தாதுன்னது, பாரிய லைட்டு போட சொன்னது, எல்லாம் மளமளன்னு வந்து மண்டையில வுயுது. முள்ளு தெரியாதவரு முள்ளப் பாக்கவே வேணாத ஒரு டாங்கிய தேடிகினு இருந்திருக்காரு. நான் பிசினாறின்னு கலாய்ச்சிகினு இருந்தேன்.

அப்பால வந்துச்சி எனுக்கு கோவம். "அடப்பாவி மனுசா! ஊரான் செத்துடுவான்னு டேங்கர வுட்ட. என்ன பின்னால ஏத்திகினு லாரி ரோட்ல வந்த? எனுக்கோசரம் பயப்படல நீ?"ன்னு கத்தறேன். டீ குடிக்கிறவங்கல்லாம் பாக்கறாங்கோ.

"பாரி லைட்டு தெரிஞ்சிதுமே. அத்தப் புட்ச்சிகினே வந்துட்டேன்"ன்னாரு. புள்ள மாதிரி சொல்றாரு. அந்த லைட்டத்தான் அவரே போடான்னு அனுப்பி வெச்சிட்டாரே! அவனுக்கு போன் பண்ணி கூப்புடுன்னேன். வேணாம்னாரு. வண்டிய இங்கயே வுட்டுட்டு கூடூரு போய் ரயிலு ஏறலாம், நெரிசல்ல நின்னுகினாவது போலாம்னு கெஞ்சினேன்.

"ஜன்னலாண்ட குந்திகினு போனா எனுக்கு இன்னாமே தெரியப் போவுது? வண்டில போனா காத்தாவது தெரியும்"ன்னாரு. நீயே சொல்லு நைனா, எனுக்கு வண்டி ஓட்ட வராது. அவரு கண்ண நான் குடுக்கவும் முடியாது. மின்னாடி ஆயிரம் கிலோமீட்டரு ரோடு கெடக்குது, ரெண்டு பக்கமும் லாரி போவுது. நான் பாத்து பாத்து சொல்றேன், போலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சி. வரல. பயந்துட்டேன். பொண்ணு கீறா, பேரப்புள்ள கீது. அவரே, "வூட்டுக்கு போலாம், வா"ன்னுட்டாரு. ரோட்ட தாண்டி இந்தப் பக்கம் வண்டிய தள்ளிகினு வந்தோம். அவரு அழுவல. நாந்தான் அழுதேன்.

திரும்பி வரச்ச நான்தான் அவருக்கு கண்ணு. கழுத்த அவரு தோளு மேல நீட்டிகினு, "எடது ஓரமா போ. மின்னாடி ஆட்டோ. மெதுவா. மாடு, மாடு!"ன்னு கத்திகினே வரேன். தொண்ட கட்டிப் பூட்ச்சி. பத்து வண்டி ஆரன் அடிச்சி திட்டிகினு போவுது. நானும் திருப்பி திட்டறேன்.

ஆரம்பாக்கம் தாண்டறச்ச கேட்டாரு: "முள்ளு எங்க கீது?"

எட்டிப் பாத்தேன். முள்ளு அடில படுத்துகினு கீது. செவப்புக்கும் கீழ. நிறுத்தச் சொல்லி டாங்கிய ஆட்டிப் பாத்தேன், உள்ள சளக் சளக்னு பாதி கீது. மறுபடி ஏறி பாத்தேன், முள்ளு அசையல. அப்பதான் புரிஞ்சிது. அந்த முள்ளு செத்தது. பாஸ்கரு குட்த ஒயரு எங்கயோ வுட்டுப் பூட்ச்சி, இல்ல மாட்டினதுலேர்ந்தே வேல செய்யல. டாங்கி ரொப்பி கெளம்பறச்ச அந்த முள்ளு இப்பிடித்தான் கெடந்திருக்கும். அவருக்கு தெரியாது, எனுக்கு எட்டிப் பாக்க தோணல. ஒரு மாசமா அந்த டாங்கிய தடவிகினு இருந்தாரே, அத்த எப்பிடி சொல்றது இவராண்ட, இன்னிக்கி?

"பாதில கீது"ன்னேன்.

"பாதியா? வூடு போய் சேந்துடும்"ன்னாரு. பழயபடி அந்த உதாரு கொரலு. காரனோடையாண்ட மறுபடி கேட்டாரு. "பாதிக்கு ஒரு நூலு கீழ"ன்னேன். வியாசர்பாடி வர்ற வரைக்கும் கேட்டுகினே வந்தாரு, நானும் கொஞ்சம் கொஞ்சமா எறக்கிகினே வந்தேன்.

அதோட வண்டிய படிக்கு கீழ நிறுத்தினதுதான். ஊசி போட்டுகினுதான் கீறோம், எழும்பூரு கண்ணாஸ்பத்திரிக்கி போய் போய். எடது கண்ணு பூட்ச்சி. வலதுல வெளிச்சம் தெரியுது. பாரி திரும்பி வந்து இவரு கையப் புட்ச்சிகினு அழுதான், அடுத்த வருசம் என் பின்னால குந்துண்ணான்னான். இவரு பாக்கலாம்ன்றாரு. ஸ்தூபி போட்டோவ போன்ல காட்டினான். கண்ணாண்ட வெச்சி வெச்சி பாத்துட்டு, "வெள்ளையா கீதுல்ல?"ன்னு என்னக் கேட்டாரு.

ஞாயித்துக்கிழம ஆனா, செவுத்த புட்ச்சிகினு எறங்கி வருவாரு. ஒரு துணி வெச்சி அந்த டாங்கிய தொடைப்பாரு. அப்பால ஏறிக் குந்திகினு ஹேண்டில புட்ச்சிகினு, கடையாண்ட கீற என்ன கூப்புடுவாரு: "பச்சையம்மா, முள்ளு எங்க கீது?"

உள்ள பெட்ரோலு ஒரு சொட்டு இல்ல. நான் கரண்டிய வெச்சிட்டு, போய், குனிஞ்சி, பாக்கற மாதிரி பாத்துட்டு, "பாதில கீதுயா"ன்னு சொல்லுவேன். "பாதி போதும்"பாரு.

அதனாலதான் நைனா விக்கிறதுக்கு இல்லன்றேன். டாங்கி ஓட்ட, முள்ளு செத்தது, நீ வாங்கினாலும் எல்லாத்தயும் மாத்தணும். கொஞ்சம் மெதுவா பேசு, மேல ஜன்னலாண்டதான் குந்திகினு கீறாரு. காது மட்டும் அவருக்கு நல்லா கேக்கும்.